ஸ்பிரிட் அடுப்பில் சீக்கிரம் கொதிக்க: மறைப்பா, பாத்திரமா, எரிபொருளா, புது பர்னரா?

டிராஞ்சியா மினி மாதிரி, ஸ்பிரிட்டில் (எரிசாராயத்தில்) எரியும் ஒரு சின்ன அடுப்பை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். வீட்டுச் சமையலறையில் வைத்துப் பார்த்தபோது அரை லிட்டர் தண்ணீர் ஒழுங்காகக் கொதித்தது. மலைக்குக் கொண்டு போனால் கால் மணி நேரம் கழித்தும் லேசாக ஆவி பறக்கிறதே தவிர கொதிக்கிற வழியாக இல்லை, அதற்குள் ஸ்பிரிட்டும் தீர்ந்துவிடுகிறது. அடுத்து எதற்குக் காசு போடுவது? டைட்டானியத்தில் புது பர்னரா, அகலமான பாத்திரமா, வேறு ஸ்பிரிட்டா, காற்று மறைப்பா?

பலரும் முதலில் பர்னரை மாற்றுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் தொட்டால் போதும். காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். 10 டிகிரியில் இருக்கும் அரை லிட்டர் ஓடைத் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 188 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஸ்பிரிட்டின் முக்கியப் பொருளான எத்தனால் ஒரு மில்லிலிட்டர் முழுதாக எரிந்தால் சுமார் 21 கிலோஜூல் தரும். அதாவது ஒரு துளி வெப்பமும் வீணாகாமல் இருந்தால் 9 மி.லி. போதும். நல்ல அமைப்பில் 15 மி.லி. சுற்றி ஆகும். காற்றில் திறந்தபடி வைத்தால் 30 மி.லி. ஊற்றியும் கொதிக்காமல் போகலாம். மூன்று நிலையிலும் பர்னர் ஒன்றேதான். அது வெப்பத்தைத் தரத்தான் செய்கிறது, அந்த வெப்பம் பாத்திரத்துக்குப் போய்ச் சேருவதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், அரை லிட்டர் கொதிக்க எத்தனை மில்லிலிட்டர் ஸ்பிரிட் ஆகிறது என்பது. நிமிடத்தை இரண்டாவதாக வைக்கிறேன், ஏனென்றால் இரண்டும் பல நேரம் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும். தழலைப் பெரிதாக்கினால் சீக்கிரம் கொதிக்கும், ஆனால் தழல் பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறி வானத்தைச் சூடாக்கும். அடக்கமான தழல் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு குறைந்த ஸ்பிரிட்டில் வேலையை முடிக்கும். மூன்று நாள் நடைக்கு எரிபொருளை முதுகில் சுமப்பவருக்கு அந்த இரண்டு நிமிடம் பெரிதல்ல.

மூன்றாவது, காற்றிலும் குளிரிலும் நம்ப முடிகிறதா. நான்காவது பாதுகாப்பு: கவிழ்ந்தால் என்ன ஆகும், தழல் கண்ணுக்குத் தெரிகிறதா, புகை விஷமா. கடைசியாக, விலைச் சீட்டில் இல்லாத செலவுகள். எடை, பையில் அடைக்கும் தொல்லை, ஒன்றை மாற்றினால் இன்னொன்றையும் மாற்ற வேண்டிய நிலை, ஊர் விட்டு ஊர் போனால் கிடைக்காத எரிபொருள்.

## காற்று மறைப்பு

கேஸ் அடுப்பில் வாயு அழுத்தத்தோடு சீறி வரும். ஸ்பிரிட் அடுப்பில் ஆவி தானாக எழும்பி எரிகிறது, அவ்வளவுதான். அதனால் முகத்தில் லேசாகப் படும் காற்றுகூட அந்தத் தழலைச் சாய்த்துவிடும். சமையலறைக்கும் மலைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

டிராஞ்சியா நிறுவனம் 1925இல் ஸ்வீடனில் தொடங்கியது. 1951இல் அவர்கள் கொண்டுவந்த ‘புயல் அடுப்பு’ இன்றும் விற்கிறது, அதன் மொத்த சாமர்த்தியமும் மறைப்பில்தான். அடிப்பகுதியில் ஒரு பக்கம் ஓட்டைகள் இருக்கும், அந்தப் பக்கத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வைக்க வேண்டும். காற்று கீழே நுழைந்து தழலை ஊட்டிவிட்டு மேலே போகும், பாத்திரம் மறைப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். மினியில் இந்த ஏற்பாடு கிடையாது, பர்னரைச் சுற்றி ஒரு சின்னத் தாங்கி மட்டும்தான். எடை குறைவுக்காக மினியை வாங்கியவர்கள் விட்டுக்கொடுத்தது இதைத்தான்.

அதை நாமே ஈடுகட்டலாம். மெல்லிய அலுமினியத் தகடு, அடுமனைகளில் பயன்படும் ஒருமுறை டிரே, காசு இருந்தால் டைட்டானியத் தாள், எதுவானாலும் சரி. பாத்திரத்தைச் சுற்றி அரை முதல் ஒரு செ.மீ. இடைவெளி, உயரம் பாத்திரத்தின் முக்கால் பங்காவது வரவேண்டும், கீழ் விளிம்பில் வரிசையாகத் துளைகள். இடைவெளி அதிகமானால் அது வெறும் காற்றுத் தடுப்பு. சரியான இடைவெளியில் சூடான புகை பாத்திரத்தின் பக்கங்களை உரசிக்கொண்டு மேலே போகும், அந்த வெப்பமும் தண்ணீருக்குச் சேரும்.

கூம்பு வடிவ மறைப்பு இதே கருத்தின் உச்சம். பாத்திரம் கூம்பின் மேல் விளிம்பில் தொங்கும், தனித் தாங்கி வேண்டாம். ஸ்பிரிட் சிக்கனத்தில் இதை முந்துவது கடினம். ஆனால் அது ஒரே ஒரு பாத்திரத்துக்கு அளந்து செய்தது. பாத்திரத்தை மாற்றினால் கூம்பும் வீண். சுருட்டினாலும் பாத்திரத்துக்குள் அடங்காமல் பையில் தனியாக நசுங்கும்.

இன்னொரு மறைமுகச் செலவு: மறைப்பை மிக நெருக்கமாகக் கட்டினால் பர்னரும் கூடச் சூடாகிறது. ஸ்பிரிட் வேகமாக ஆவியாகித் தழல் எகிறும், மிச்சம் பிடித்ததாக நினைத்த எரிபொருள் பக்கவாட்டில் போய்விடும். துளைகள் குறைந்தால் காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு கூடும். தழலின் நுனி பாத்திர விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தால் மறைப்பைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

சமையலறை அலுமினியத் தாளை அப்படியே பயன்படுத்தலாமா என்றால், இரண்டு மூன்று மடிப்பாக்கினால் ஓரிரு நாளைக்கு வரும். நல்ல காற்றில் பறந்துவிடும், கல் வைத்து அணைகட்ட வேண்டியிருக்கும்.

## பாத்திரமும் மூடியும்

மூடி போடுவதற்குச் செலவே இல்லை. ஆனாலும் ‘கொதிக்கிறதா’ என்று நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பவர்கள் நிறைய. ஆவிச் சத்தம் கேட்டுவிடும், திறக்க வேண்டாம்.

அடுத்தது அகலம். எடை குறைக்கும் ஆசையில் பலர் 9, 10 செ.மீ. விட்டமுள்ள உயரமான டைட்டானியக் குவளையை வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிட் தழல் இயல்பாகவே அகலமானது, குவளையின் அடியை நிரப்பிவிட்டுச் சுவரில் ஏறுகிறது. 13 முதல் 15 செ.மீ. அகலமுள்ள தட்டையான பாத்திரத்தில் அதே தழல் முழுதும் அடியிலேயே நிற்கும். குவளையை விட மனம் இல்லையென்றால் தழல் சிறிதாக எரியும் பர்னரும் நெருங்கிய மறைப்பும் கட்டாயம்.

அலுமினியமா டைட்டானியமா? தண்ணீர் மட்டும் கொதிக்க வைப்பவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. சமைப்பவருக்கு உண்டு. டைட்டானியம் வெப்பத்தைப் பரப்பாது, தழல் படும் வட்டத்தில் உப்புமா கருகும், ஓரத்தில் ரவை வேகாமல் கிடக்கும். சமைக்கிற ஆளுக்கு அலுமினியமே மேல், விலையும் குறைவு.

அடியில் தகட்டு மடிப்புகள் ஒட்டிய பாத்திரங்கள் கேஸ் அடுப்புக்காரர்களிடம் பிரபலம். ஸ்பிரிட் தழலிலும் அவை நன்றாகவே வேலை செய்யும், வெப்பத்தைப் பிடிக்கும் பரப்பு கூடுகிறதல்லவா. ஆனால் மடிப்புகள் கீழே இறங்கியிருப்பதால் தழலுக்கும் பாத்திரத்துக்கும் உள்ள இடைவெளி குறைந்து மூச்சு முட்டும், தாங்கியின் உயரத்தை மாற்ற வேண்டி வரும். கரி படிந்தால் மடிப்புக்குள் தேய்த்துக் கழுவுவது தண்டனை. எடையும் கூடும். இருவர் மூவருக்குத் தினமும் ஒரு லிட்டர் கொதிக்க வைப்பவருக்கு இது லாபம். ஒரு கோப்பைத் தேநீருக்கு வேண்டாம்.

அந்த இடைவெளியைப் பற்றி ஒரு வார்த்தை. மேல்பக்கம் திறந்து எரியும் பர்னருக்கும் பாத்திரத்துக்கும் நடுவே இரண்டரை முதல் நாலு செ.மீ. வரை விட்டுப் பாருங்கள். மிகக் குறைந்தால் தழல் குளிர்ந்து பாதி எரிந்த புகையும் கரியும் வரும், மூக்கில் எரிச்சலான வாடை அடிக்கும். கூடினால் வெப்பம் வழியிலேயே கரைந்துவிடும். தாங்கியை அரை செ.மீ. ஏற்றி இறக்குவதில் கிடைக்கும் பலன் சில நேரம் புதுப் பாத்திரம் தரும் பலனுக்குச் சமம்.

## எரிபொருள்

சந்தையில் மூன்று ஆல்கஹால்கள்தான் கிடைக்கின்றன, மீதியெல்லாம் கலவைகள்.

எத்தனால்தான் இந்த அடுப்புகளுக்குப் பொருத்தமானது. கிலோவுக்கு ஏறக்குறைய 27 மெகாஜூல் வெப்பம், சுத்தமான எரிப்பு, விஷம் குறைவு. குடிக்க முடியாதபடி கசப்பும் வேறு பொருளும் கலந்துதான் விற்பார்கள். பிரிட்டனில் ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட் இரும்புச்சாமான் கடையில் கிடைக்கும். வீட்டு அலங்காரக் கணப்புகளுக்கு விற்கும் பயோஎத்தனால் அதைவிடக் கரி குறைவாக எரியும், வாடையும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ‘மெத்தோ’ என்று பல்பொருள் அங்காடியிலேயே இருக்கும். பாரிஸ் பக்கம் இருப்பவர்கள் ‘அல்கூல் ஆ ப்ருலே’ என்று கேட்க வேண்டும், நார்வேக்காரர்களுக்குச் சிவப்பு நிறச் ஸ்பிரிட்.

மெத்தனாலின் வெப்பம் கிலோவுக்கு 20 மெகாஜூல்தான். அதே வேலைக்குக் கால் பங்குக்கு மேல் கூடுதலாகச் சுமக்க வேண்டும். ஆனால் 65 டிகிரியிலேயே கொதிப்பதால் குளிரில் சட்டென்று பற்றும், கரியே வராது. அமெரிக்காவில் நீண்ட நடைப் பாதைகளில் போகிறவர்கள் பெட்ரோல் நிலையத்தில் ‘ஹீட்’ என்ற மஞ்சள் பாட்டிலை வாங்குவது இதனால்தான்; அது கார் எரிபொருள் குழாய் உறையாமல் இருக்க ஊற்றும் மெத்தனால். சிவப்பு பாட்டில் வேறு, அதில் இருப்பது ஐசோப்ரொப்பைல். மெத்தனாலின் மறைமுகச் செலவு பெரியது. பத்து மி.லி. உள்ளே போனாலே பார்வை போகலாம், தோல் வழியாகவும் ஏறும், பகல் வெளிச்சத்தில் தழல் கண்ணுக்கே தெரியாது. குழந்தைகளோடு போகிறவர்கள் இதை ஒதுக்கிவிடுவதே நல்லது.

ஐசோப்ரொப்பைலுக்குக் காகிதத்தில் வெப்பம் அதிகம், கிலோவுக்கு 30 மெகாஜூல். அடுப்பில் அது மஞ்சளாக, கரியைக் கக்கிக்கொண்டு எரியும். 99 சதவீதம் என்றால் அவசரத்துக்கு ஓட்டலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதக் கரைசலில் மீதி தண்ணீர், அதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

கரி பிடிக்கிறது என்று புலம்புபவர்களுக்கு ஒரு மலிவான வைத்தியம் உண்டு: ஸ்பிரிட்டில் 10 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் கலப்பது. டிராஞ்சியாவே இதைச் சொல்கிறது. கரி குறையும், கூடவே வெப்பமும் கொஞ்சம் குறையும். கடுங்குளிரில் செய்யாதீர்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. 1959ஆம் ஆண்டு டீநேச்சர்டு ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி ஆக்கியது), மெத்தில் ஆல்கஹால் (மெத்தனால்), வார்னிஷ் விதிகளின்படி இவையெல்லாம் உரிமத்துக்குள் வருகின்றன. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு கண்காணிப்பு தளரும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. வேதிப்பொருள் வியாபாரியிடம் ‘அடுப்புக்கு’ என்று சொல்லி மெத்தனால் கேட்டு நிற்காதீர்கள். காட்டுக்குள் தீ மூட்டுவதும் வனத்துறை விஷயம். 2018 மார்ச் குரங்கணித் தீக்குப் பிறகு அதில் விளையாட்டே கூடாது. நம் ஊரில் இந்த அடுப்புக்கு உண்மையான இடம் அனுமதி பெற்ற முகாம் திடல்தான், அதற்கும் எத்தனாலை முறையாக வாங்க வழி இருந்தால்.

## புது பர்னர்

இப்போதுதான் பர்னருக்கு வருகிறோம். டிராஞ்சியாவின் பித்தளை பர்னர் கனமானது. அந்தப் பித்தளை சூடாகி, விளிம்பு ஓட்டைகளில் தழல் பூக்க அரை முதல் ஒரு நிமிடம் ஆகும். ஒரு கோப்பைத் தண்ணீருக்கு அந்தச் சூட்டுக்கே ஒரு பங்கு ஸ்பிரிட் போகிறது. ஒரு லிட்டருக்கு மேல் கொதிக்க வைக்கும்போது அது பொருட்டில்லை, 100 மி.லி.யில் ஏறக்குறைய 25 நிமிடம் எரியும். மிச்சமானதை மூடி போட்டு உள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்பது பல சின்ன அடுப்புகளில் இல்லாத வசதி. சூடாக இருக்கும்போது மூடியைத் திருகினால் ரப்பர் வளையம் உருகிவிடும், அப்புறம் பைக்குள் ஒழுகும். தழலைக் குறைக்கும் வளையம் கூட வருவதால் சோறு, கஞ்சி எல்லாம் சாத்தியம்.

பூனைத்தீனி டப்பாவில் காகிதத் துளைப்பானால் ஓட்டை போட்டுச் செய்யும் பக்கத்தழல் அடுப்பு கிட்டத்தட்ட இலவசம், எடை ஒரு சின்னத் தபால் அளவு. பாத்திரத்தை அதன் மேலேயே வைக்க வேண்டும். முதலில் அரை நிமிடம் பாத்திரமில்லாமல் எரியவிட்டு, சூடான பிறகு வைத்தால் பக்க ஓட்டைகளில் தழல் வரும். அகலமான பாத்திரம் இருந்தால் நன்றாக ஓடும். குறுகிய குவளையில் தழல் முழுக்க வெளியே போகும். அடித்தளம் சின்னதென்பதால் தட்டிவிட்டால் பாத்திரமும் தீயும் ஒன்றாகக் கவிழும். தழலைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, பாதியில் அணைத்து மிச்சம் பிடிப்பதும் சிரமம். எனவே அளந்து ஊற்றும் பழக்கம் வேண்டும், இருமல் மருந்தோடு வரும் அளவுக் குவளை போதும்.

இரட்டைச் சுவருக்கு இடையே ஸ்பிரிட் ஏறி எரியும் டைட்டானிய பர்னர்கள் டப்பாவுக்கும் பித்தளைக்கும் நடுவில். சீக்கிரம் சூடாகும், நன்றாக எரியும், விலை கூடுதல். தழல் பெரிது என்பதால் சிக்கனக்காரருக்குப் பொருந்தாது.

உறிஞ்சும் பஞ்சு அடைத்து, மேலே கம்பி வலை போட்ட பர்னரை நான் பலருக்கும் சொல்வேன். கவிழ்ந்தாலும் ஸ்பிரிட் ஓடி வராது, தழல் சிறிதாக, மெதுவாக எரியும். குறுகிய குவளையும் கூம்பு மறைப்பும் வைத்திருப்பவருக்கு இது கச்சிதம். அவசரக்காரருக்கு எரிச்சல்தான்.

எந்த பர்னராக இருந்தாலும், எரியும்போது மேலே ஊற்றவே கூடாது. ‘அணைந்துவிட்டது’ என்று நினைத்த தழல் பகலில் தெரியாமல் எரிந்துகொண்டிருக்கும், பாட்டில் வரைக்கும் தாவும். முழுக்க ஆறிய பிறகு ஊற்றுங்கள். கூடாரத்துக்குள்ளும் எரிக்க வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| மாற்றம் | ஸ்பிரிட் மிச்சம் | வேகம் | காற்றில் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| தகட்டு மறைப்பு | மிக அதிகம் | கூடும் | பெரிய வித்தியாசம் | நசுங்கும். நெருக்கினால் பர்னர் கொதிக்கும் |
| கூம்பு மறைப்பு | எல்லாவற்றிலும் அதிகம் | ஓரளவு | மிக நல்லது | ஒரே பாத்திரத்துக்கு மட்டும் |
| அகலப் பாத்திரம், மூடி | அதிகம் | கூடும் | ஓரளவு | பையில் இடம் |
| மடிப்படிப் பாத்திரம் | அதிகம் | கூடும் | ஓரளவு | எடை, விலை, கரி, தாங்கி உயரம் |
| மெத்தனாலிலிருந்து எத்தனாலுக்கு | அதிகம் | கொஞ்சம் கூடும் | மாற்றமில்லை | குளிரில் பற்றச் சிரமம் |
| டப்பா அடுப்பு | சின்ன அளவுக்கு நல்லது | கூடும் | மறைப்பு அவசியம் | கவிழும். மிச்சம் பிடிக்க முடியாது |
| பஞ்சு பர்னர் | அதிகம் | குறையும் | மறைப்பு அவசியம் | பொறுமை |

## யார் எதை எடுப்பது

தனியாக, இரண்டு மூன்று நாள், காபியும் வெந்நீர் ஊற்றும் நூடுல்ஸும் மட்டும் என்றால்: இருக்கும் பாத்திரத்துக்கு அளந்த மறைப்பு, அப்புறம் பஞ்சு பர்னர் அல்லது டப்பா. மொத்த எடை இருநூறு கிராமுக்குள் அடங்கும்.

இருவர், சோறு குழம்பு வைக்கிற ஆட்கள், பிரிட்டனின் ஏரி மாவட்டம் மாதிரிக் காற்றடிக்கும் இடம்: மினியை விற்றுவிட்டு, மறைப்போடு வரும் புயல் அடுப்பான முழு டிராஞ்சியா 27. முக்கால் கிலோ சுற்றி வரும், ஆனால் மறைப்பு, தாங்கி, பாத்திரம் மூன்றும் ஒன்றாகப் பொருந்தி வருவதால் தனித்தனியாக வாங்கிப் பரிசோதிக்கும் செலவு இல்லை.

நாடு விட்டு நாடு போகிறவர்கள் பர்னரை விட எரிபொருளைப் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும். ஸ்பிரிட்டை விமானத்தில் கொண்டு போக முடியாது, இறங்கிய ஊரில் கிடைப்பதை எரிக்க வேண்டும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கோடைத் தீக்கட்டுப்பாடு வந்தால் மூடும் வால்வு இல்லாத அடுப்புக்கு அனுமதி இல்லாமல் போகும், ஆஸ்திரேலியாவில் முழுத் தீத்தடை நாளிலும் அப்படித்தான். அந்தக் காலத்தில் போவதென்றால், அனுமதி இருந்தால் கேஸ்.

குளிர்காலம் மட்டும் தனிக் கதை. எத்தனாலின் ஆவி நெருப்பைப் பிடிக்க 13 டிகிரியாவது வேண்டும், அதற்குக் கீழே தீக்குச்சி போட்டாலும் தயங்கும். பாட்டிலைச் சட்டைப்பையில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு ஊற்றினால் பிரச்சினை பாதி தீரும். பர்னருக்கு அடியில் ஒட்டுப்பலகைத் துண்டு வைத்தால் ஈரத் தரை சூட்டை உறிஞ்சாது. டிராஞ்சியாவுக்கென்று பர்னரின் அடியில் பொருத்தும் குளிர்காலக் கிண்ணமும் விற்கிறார்கள், அதில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தால் பர்னர் முன்கூட்டியே சூடாகும்.

பனியை உருக்கித்தான் தண்ணீர் என்றால் கணக்கே மாறுகிறது. அரை லிட்டர் தண்ணீருக்கான பனியை உருக்க மட்டும் 167 கிலோஜூல், பிறகு பூஜ்ஜியத்திலிருந்து கொதிநிலைக்கு 209. சேர்த்தால் 376, அதாவது ஓடைத் தண்ணீரைப் போல இரண்டு மடங்கு. எவ்வளவு நல்ல மறைப்பு போட்டாலும் நிறைய ஸ்பிரிட் போய்விடும். அங்கே பெட்ரோல் அடுப்பை எடுத்துப் போங்கள்.